மேனேஜரின் பச்சைப் பென்சில்

எண்பதுகளில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் நான் சர்வேயராக இருந்தேன். அங்கிருந்த மேனேஜர் கல்தூசிக்கு நடுவிலும் வெள்ளைச் சட்டை அழுக்காகாமல் நிற்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில். யாராவது குறை சொல்லி வந்தால், குவாரியின் பிளானை விரித்து, தோண்டிய பள்ளத்தின் மேல் இன்னும் சில மரங்களை வரைவார். அவ்வளவு வேகமாக வனத்துறைகூடக் காடு வளர்த்ததில்லை.

கல்லெடுத்து முடிந்ததும் பள்ளத்தை மூடி, தனியாகக் குவித்த மேல்மண்ணைப் பரப்பித் திருப்பித் தருவதாகத்தான் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். அந்த மண்ணை மேனேஜர் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். நிலத்துக்கார அம்மாள் ஒருநாள் வந்து நின்றார்.

“எங்க மேல்மண்ணு எங்கீங்க?”

“பிளான்ல பத்திரமா இருக்குது ஆத்தா. இங்க பாருங்க, தென்னையே வச்சிட்டேன்.”

“அதுல எளநி காய்ச்சா நீங்களே ஏறிப் பறிச்சுக் குடிங்க. எனக்கு ராகி வெதைக்க மண்ணக் குடுங்க.”

மேனேஜர் கூசவில்லை. தென்னைக்குப் பக்கத்தில் ஒரு ராகிக் கொல்லையும் தீட்டிக் காட்டினார்.

அந்தப் பிளானை அவர் உண்மையிலேயே நம்பினாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் சோதனைக்கு வந்த அதிகாரியிடம், மண் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். அந்த அம்மாளின் நிலம் கடைசிவரை பள்ளமாகவே கிடந்தது.