டாக்டர் புஷ்

என் வீட்டுக்காரர் மரம் அறுக்கும் மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே பட்டறை, அதே மேசை, அதே முணுமுணுப்பு. மெஷினை ஸ்டார்ட் செய்துவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் மரம் வெட்டுகிறவர்கள் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தலைவலி என்று மூன்று தடவை சொன்னாலும் அவர் காதில் விழாது. பேரிங் தேய்ந்த மெஷின் தெருமுனையில் வரும்போதே விழுந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர், கண் முன்னால் ஒன்பது வருடமாக நடந்த ஒன்றைக் கவனிக்கவே இல்லை. நானும் கவனிக்கவில்லை.

பட்டறையின் முன்பக்கம் என் ராஜ்ஜியம். செயின், அரம், ஆயில் டப்பா, ஸ்பார்க் பிளக் எல்லாம் நான்தான் விற்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் கம்பெனிப் பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு மூன்றே சாதி மெஷின்தான். எருமை, குதிரை, கழுதை. எருமை கனம். காலையில் ஐந்து தடவை கயிற்றை இழுத்தால்தான் எழும். ஆனால் மரத்து உச்சியிலிருந்து விழுந்தாலும் தட்டிவிட்டு ஓட்டலாம். குதிரை லேசு. விரலை வைத்ததும் சீறும், சொன்ன இடத்தில் திரும்பும், ஆனால் ஃபில்டரில் கொஞ்சம் தூள் சேர்ந்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கழுதைக்கு விலை குறைவு, ஆயுசும் குறைவு. எருமை நல்லதா குதிரை நல்லதா என்று என் கடை வாசலில் நடந்த சண்டையில் இரண்டு சகலைகள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களைச் சமாதானம் செய்ய என் வீட்டுக்காரர் போய், மூன்றாவது ஆளாகச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

என் தம்பி எருமைக் கட்சி. மின்கம்பி ஓரத்து மரங்களை அறுக்கும் கும்பலில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. சாய வேண்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்து, அதன் மேலேயே மரத்தைச் சாய்ப்பான். அவன் மெஷினுக்குப் பன்னிரண்டு வயது. அவன் பெண்டாட்டி அதை மூத்தவள் என்றுதான் சொல்வாள்.

எந்த நல்ல மெஷினிலும் எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நான்கு ரப்பர் உருளைகள் இருக்கும். சூட்டிலும் ஆயிலிலும் ஊறி அவை ஒன்றரை வருடத்தில் கிழிந்துவிடும். பிடி லொடலொடவென்று ஆடும், அறுப்பு கோணும். பத்து வருடத்துக்கு முன்னால், புயலில் விழுந்த மரங்கள் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தபோது, தம்பியின் மெஷினில் ரப்பர் கிழிந்தது. கம்பெனி ரப்பர் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் யோசித்தார். லேத்து பட்டறைக்குப் போய் அதே அளவில் அலுமினியத்தில் நான்கு உருளை, புஷ் என்பார்கள், கடைந்து வந்து ரப்பர் இருந்த இடத்தில் மாட்டினார். பிடி கல் மாதிரி நின்றது. தம்பி ஒரு மரத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டான்.

அவ்வளவுதான், டாக்டர் புஷ் என்று பெயர் பரவிவிட்டது. ரப்பர் நன்றாக இருக்கிறவர்களும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புஷ் கேட்டு வந்தார்கள். நான்கு நான்காகக் கவரில் போட்டு வைப்பேன். என் கையால்தான் எல்லாரும் வாங்கிப் போனார்கள்.

போன வருடம் மின்கம்பி வேலையின் சூப்பர்வைசர் பன்னிரண்டு புது மெஷின் வாங்க வேண்டியிருந்தது. எருமையா, குதிரையா என்று அவருக்குக் குழப்பம். டாக்டர் சொன்னால் சரி என்றார். ஒரு முற்பகலில் எங்கள் பின்கட்டில் போட்டி ஏற்பாடானது. புது எருமை, புது குதிரை, சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத் தம்பியின் கிழட்டு எருமை. இடுப்புக் கனத்தில் ஒரு கட்டை. மெஷினுக்குப் பத்துத் துண்டு. மூன்றாலும் அறுக்கப் போவது தம்பி. அவனைக் கும்பலுக்குத் தலைவனாக்கும் பேச்சும் அப்போது இருந்ததால், அவன் பெண்டாட்டியும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து என்னோடு நின்றாள்.

குறைந்த நேரத்தில் முடித்தது புது குதிரை. அடுத்து வந்தது, யாரும் நம்பவில்லை, கிழட்டு எருமை. புது எருமையைவிட அரை நிமிடம் முந்தி. துண்டுகள் எல்லாம் ஒரே கனம். சூப்பர்வைசர் வாயைப் பிளந்துவிட்டார். பதினோரு வருடம் ஓடிய எஞ்சினா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார். பன்னிரண்டும் எருமையே வாங்குகிறேன், வந்த அன்றைக்கே ரப்பரை எல்லாம் கழற்றிவிட்டு உங்கள் புஷ்ஷைப் போட்டுவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று தம்பி குதிரையின் செயினை முறுக்க உட்கார்ந்தான். கையுறை போடவில்லை. செயினைக் கையால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே ஏதோ கிண்டல் பேசிக்கொண்டிருந்தான். செயின் பட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் ஆயில் என்றுதான் நினைத்தேன். பிறகு அது சிவப்பாக இருப்பது கண்ணில் பட்டது. இரண்டு விரல் சதை பிளந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை செயினை இழுத்தான்.

நான் கத்திவிட்டேன். அவன் திரும்பித் தனக்குப் பின்னால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தான். எல்லார் பார்வையும் தன் மேல் இருப்பதைக் கண்ட பிறகுதான் கையைப் பார்த்தான்.

“இது எப்ப பட்டுச்சு?” என்று என்னையே கேட்டான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதுதான் மற்ற விரல்களைப் பார்த்தேன். உச்சி வெயிலில் இரண்டாவது கணு வரை வெள்ளை வெளேரென்று இருந்தன, மெழுகில் செய்து ஒட்டியது மாதிரி. நகத்தால் அழுத்தினேன். கிள்ளினேன். அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி பதறவே இல்லை. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி.

“ரெண்டு வருஷமா நான்தான் அக்கா சட்டைக்கு பட்டன் போட்டு விடுறேன். டம்ளர் சுடுதான்னு என்கிட்ட குடுத்துத்தான் பார்ப்பாரு. இந்த வேலையில எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரு.”

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நிஜ டாக்டர் ஒரு பெண், சின்ன வயது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மெஷின் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆறு என்றான். அதிர்வு தாங்கி நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போயிருக்கின்றன, இனிமேல் மெஷினைத் தொடவே கூடாது, போன உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்.

“நல்ல மெஷின்ல கைப்பிடிக்கு ரப்பர் வச்சிருப்பாங்களே, அது சரியாத்தானே இருக்கு?”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேயறைந்த முகம். அந்த அறையில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள், ஒருவருக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போனார். தம்பியின் எருமையை ஸ்டார்ட் செய்து மிச்சக் கட்டையில் வைத்தார். அறுத்தார், அறுத்துக்கொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். நிறுத்திவிட்டு வந்து மெஷினின் மூடியை அவிழ்க்கத் தரையில் உட்கார்ந்தார். ஒரு சின்ன ஸ்க்ரூ கீழே விழுந்தது. அதை எடுக்கப் போனார், விரலில் நிற்கவில்லை. மறுபடியும் எடுத்தார், மறுபடியும் விழுந்தது.

“ரிப்பேர் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். அதுக்கு மேல நான் எதையும் பிடிச்சதே இல்ல,” என்றார்.

அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. கத்தலாம் என்று பார்த்தால், மேசைமேல் நான் புஷ் போட்டு வைத்த கவர்கள் வரிசையாக இருந்தன. யாரைப் பார்த்துக் கத்துவது?

மறுநாள் காலையில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் புஷ் வேண்டாம் என்றார். அவர் விடவில்லை. பதினோரு வருடம் உழைத்த மெஷினை நானே கண்ணால் பார்த்தேனே என்றார்.

“மெஷின் தேயட்டும் சார். நான் போட்ட புஷ்ஷாலதான் என் மச்சான் கை போச்சு,” என்றார் இவர். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவராகத் தேடிப் போனார். நாற்பது மெஷின் இருக்கும். பாதிப் பேர் கழற்ற விடவில்லை. பிடி ஆடினால் அறுப்பு கோணும் என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னார்கள். வாசலில் சண்டை போட்ட சகலைகளில் ஒருவன் மட்டும், தனக்கும் காலையில் விரல் மரத்துப்போகிறது, குளிர் என்று நினைத்தேன் என்றான்.

தம்பி எதையும் நம்பவில்லை. டாக்டரம்மா பயமுறுத்துகிறார், இரண்டு மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், தலைவன் வேலை காத்திருக்கிறது என்றான். தையல் பிரித்த அன்றைக்கு நேராகப் பட்டறைக்கு வந்து மெஷினைக் கேட்டான். இவர் அதில் புது ரப்பர் மாட்டி வைத்திருந்தார். தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. ஒரே ஒரு துண்டு அறுத்துப் பார், பிறகு பேசுவோம் என்றார். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நானும் அதைப் பிடித்துப் பார்த்திருந்தேன். புஷ் இருந்தபோது பல் வரை அதிர்ந்தது, இப்போது தண்ணீர்க் குடத்தைப் பிடித்த மாதிரி அமைதியாக இருந்தது. சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

தம்பி பிடித்தான். அறுத்தான். அழகான துண்டு, ஒரே கனம். இவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி இருக்கு மாப்ள?”

தம்பி சிரித்தான்.

“அப்படியேதான் இருக்கு மாமா. ஊர் பூரா கழட்டுறீங்க, என்னோடத மட்டும் கழட்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

இவர் எஞ்சினை அணைத்தார். அதிலிருந்து கழற்றிய நான்கு புஷ்ஷும் என் மேசைமேல்தான் கிடந்தன. தம்பி திரும்புவதற்குள் அவற்றின் மேல் என் கையை வைத்து மூடிக்கொண்டேன்.