பிரபுவுக்கு ஓர் ஏகாரம்

ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவர் உதட்டக்கா. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து வர வேண்டும். பிரியும் இடத்தில் வரக்கூடாது. பதினெட்டு வருஷம் இதையே செய்ததில், யாரிடம் பேசினாலும் கண் வாய்க்குப் போய்விடும். வீட்டில் கணவர் நிம்மதியாக முணுமுணுக்கக்கூட முடியாது. "திரும்பி நின்னுதான் திட்ட வேண்டியிருக்கு" என்பார்.

அன்று வந்தது ஒரு துப்பறிவாளர் படம். குதிரை வண்டியும் எரிவாயு விளக்கும் இருந்த காலம். அந்தக் காலத்துக் கதைகளில் இப்படிப்பட்டவர்கள் நாற்காலியில் சாய்ந்து யோசிப்பார்கள். இவரோ கூரைக்குக் கூரை தாவுகிறார், ஓடும் ரயில்மேல் குத்துச்சண்டை போடுகிறார். யோசிப்பதையும் விழுந்துகொண்டேதான் யோசிக்கிறார்.

கதை இதுதான். மாளிகையில் வைர மாலை காணோம். பணிப்பெண்ணைப் பிடித்து அடைக்கிறார்கள். சாட்சி? அவள் ஏழை. அது போதுமாம், இன்றைக்கும் பல வீடுகளில் அது போதும். எடுத்தவன் வீட்டுக்காரப் பிரபு. கடைசியில் கூரையிலிருந்து விழும்போது துப்பறிவாளர் அதைக் கத்திச் சொல்கிறார். பிரபு கைதாகும் காட்சியை, படம் நீளம் என்று வெட்டிவிட்டார்கள். ஆகவே அந்த ஒரு வசனம்தான் அவளுக்கு விடுதலை.

"திருடியது பிரபுதான்" என்று அக்கா எழுதியிருந்தார். பேசிப் பார்த்தால், குரல் முடிந்த பிறகும் திரையில் வாய் திறந்தே கிடந்தது.

படத்தை வாங்கிய கம்பெனியின் மேலாளர் வழி சொன்னார். "பணிப்பெண்தான்னு போடுங்கம்மா. உதடு ஒட்டுது, நீளமும் சரியா வருது."

"அவ திருடலையே சார்."

"அடிதடி நடக்கும்போது அதெல்லாம் யாரு கவனிக்கப் போறா? அவ என்ன உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தமா இருந்தாதான் நிரபராதியா?"

துப்பறிவாளருக்குக் குரல் கொடுக்கும் அண்ணன் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். மேலாளருக்கு முகம் சுண்டியது.

"இன்னும் ஒரே டேக். பொருந்தலைன்னா நான் சொன்னதுதான். எங்க படத்துக்கு இனிமே வேற ஆளு எழுதட்டும்."

அக்கா சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. அப்புறம் கீழே போய்ச் சேரும்வரை வாய் பிளந்தே இருந்தது. பென்சிலை எடுத்து ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தார். பிரபுவேதான்.

"அண்ணே, அந்த 'வே'யைப் பிடிச்சுக்கிட்டே கூரையிலேர்ந்து விழுங்க. கீழ வந்ததும் 'தான்'."

"எவ்வளவு நேரம்மா விழணும்?"

"அவர் விழற வரைக்கும்."

அண்ணன் மூச்சை இழுத்துக்கொண்டார். "திருடியது பிரபுவேஏஏஏ..." துப்பறிவாளர் மூன்று மாடி இறங்கி வைக்கோல் வண்டிக்குள் விழுந்தார். "...தான்."

மேலாளர் கையைச் சுழற்றினார், மறுபடி ஓட்டு என்று. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் பிரபுவேதான் திருடினான்.