அடுத்த வீட்டு அக்காவுக்கு ஒரு ஜப்பானியப் படம்

புலாவ் செபாங்கில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு சிறுகதையை வாசித்து முடித்தால், அது படமாக வந்திருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதையும் போட்டுக் காட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஜப்பானியப் படம், கறுப்பு வெள்ளை. போர் முடிந்த காலத்துக் கதை. கணவன் ஊருக்கெல்லாம் நல்லவன். வீட்டில் மனைவியிடம் மட்டும் வாய் திறக்க மாட்டான். வாசித்தபோதே எனக்குச் சுருக்கென்றது.

படத்துக்கு அடியில் மலாய் எழுத்து ஓடும். அதைப் படிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். அடுத்த வீட்டு அக்கா பாசாரில் மலாயில் பேரம் பேசி எவரையும் மடக்கிவிடுவார், படிக்கத்தான் வராது. அவருக்குச் சொல்லும் வேலையை என் கணவர் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"நீ இந்தப் பக்கம் உட்காரு லா. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே," என்றார் என்னிடம்.

வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' என்பதைத் தாண்டாத மனிதர், அக்காவின் காதருகே குனிந்து, "பாருங்கக்கா, அவ மனசு என்ன பாடுபடுது. இவனுக்குப் புரியவே இல்ல," என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவாவது, தம்பியாவது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது.

இடைவேளையில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

"ஏங்க, கண்ணாடியக் காணோம். எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே பவர்தானே. அக்காவுக்கும் நீயே சொல்லிரு."

நடுவில் உட்கார்ந்து அக்காவுக்கு நான் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் அந்த மனைவி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"ஒரு நாளாவது என் பக்கத்துல உட்கார்ந்து பேசியிருக்கீங்களா?"

அதை அக்காவுக்குத் தேவையானதைவிடச் சத்தமாகவே சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கம் திரும்பினேன். என் கணவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

"எழுப்பாத தங்கச்சி, பாவம். ராத்திரியெல்லாம் முதுகு வலியில தூங்கலன்னாரு."

அவருக்கு முதுகு வலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.