இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது

ரதி இப்போது பாரோயில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். நான் எழுதுவதில் ஒரு சொல் பொய் என்றாலும் அவள் வந்து என் முகத்துக்கு நேரே கேட்கலாம். தோட்டத்தின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

என் பெயர் புனிதன். லோபாக்கில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் மழைக்காலத்தில், சி ரூசாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ரதி போன் செய்தாள். அந்தத் தோட்டத்து ஆபீசில் அவள்தான் கிளார்க். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“கம்ப்யூட்டர்ல இடமே இல்லன்னு சொல்லுதுண்ணே. ஒன்னும் சேவ் ஆக மாட்டேங்குது. நாளைக்கு மேனேஜர் ரிப்போர்ட் கேப்பாரு. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை ஆபீஸ். சுற்றிலும் செம்பனை மரங்கள். வாசலில் ரதியின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது.

“ஆபீஸ்ல நீ மட்டும்தானா?”

“ஆமாண்ணே. மத்தவங்க எல்லாம் காட்டு வேலைக்குப் போயிருவாங்க.”

இந்த மாதிரி வேலைக்கு நான் காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதில்லை. இலவசமாகக் கிடைப்பதே போதும். பென்டிரைவில் எப்போதும் சில இருக்கும். தேவையில்லாத குப்பையைக் கூட்டித் தள்ள ஒன்று. எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்ட ஒன்று. மீட்கவே முடியாதபடி அழிக்க இன்னொன்று.

கட்டங்கள் காட்டும் மென்பொருளை ஓட விட்டேன். வழக்கமாகச் சின்னச் சின்னதாய்ப் பல நிறங்கள் தெரியும். இங்கே திரை முழுக்க ஒரே சிவப்பு. எல்லாம் ஒலிப்பதிவுகள்.

“நீ ஏதாச்சும் ரெக்கார்ட் பண்ணுறியா?”

“ஐயோ, எனக்கு அதெல்லாம் தெரியாதுலா.”

தேதிகளைப் பார்த்தேன். நாளுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருந்தன. ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் நாள்கள்.

“போகும்போது கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுவியா?”

“தினம் ஆஃப் பண்ணிட்டு, சுவிட்சையும் அமத்திட்டுத்தாண்ணே போவேன்.”

மீட்டிங்குக்காக வாங்கிய கேமராவில் ஒரு மைக் இருந்தது. அதுதான் கோளாறு என்று நினைத்தேன். அதன் ஒயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டேன். பழைய பதிவுகள் எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. மொத்தமாக அழிக்கக் கொடுத்தேன்.

ஒவ்வொன்றாக மறைந்தன. சிவப்பு குறைந்தது. ரதியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

கடைசிக் கோப்பில் நின்றுவிட்டது.

‘இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது.’

இதுவும் வழக்கம்தான். எந்த மென்பொருள் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டவும் இலவசக் கருவி உண்டு. அதை ஓட்டினேன். பெயர் வர வேண்டிய இடம்... காலியாக இருந்தது.

கோப்பின் அளவு ஏறிக்கொண்டிருந்தது.

கேமரா ஒயர் மேசைமேல் கிடந்தது. இப்போது மைக்கே இல்லை. ஆனாலும் ஏறியது.

ஒரு பிரதி எடுத்துத் திறந்தேன். தகரத்தில் மழை. என் கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு என் குரல்.

“ஆபீஸ்ல நீ மட்டும்தானா?”

“ஆமாண்ணே,” என்றாள் ரதி.

“நானும் இருக்கேன்.”

ஒரு பெண் குரல். மெதுவாக. பக்கத்திலிருந்து.

ரதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பதிவு ஓடியது. நாங்கள் பேசியது எல்லாம் வந்தது. கடைசியில் மறுபடி அந்தக் குரல். இந்த முறை இன்னும் கிட்டத்தில்.

“மோட்டார்ல போவாத, தங்கச்சி.”

அதோடு பிரதி முடிந்தது.

ரதி அழுதுவிட்டாள். “நல்லதுக்குத்தான் சொல்லுறாங்கண்ணே. ரோட்டுல எதுவோ இருக்கு. நான் போவல. மழ விடுற வரைக்கும் இங்கேயே இருக்கேன்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் வீடு தோட்டத்துக்குள்ளேயே, நடந்து போகிற தூரம். காரில் கூப்பிட்டும் அவள் அசையவில்லை. மழை விட்டால் நடந்துவிடலாம்.

“சரி, அப்ப நான் கிளம்புறேன்,” என்றேன்.

பென்டிரைவை எடுக்கக் குனிந்தேன். அந்தக் கோப்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏனோ மனம் கேட்கவில்லை. இன்னொரு பிரதி எடுத்து, கடைசிப் பகுதியை ஓட விட்டேன்.

மழை...

ரதியின் குரல். “இங்கேயே இருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள்.

என் குரல். “நான் கிளம்புறேன்.”

பிறகு...

“போ.”

ரதியின் கையைப் பிடித்து என் காரை நோக்கி இழுத்தேன்.

“காடியில ஏறு!”

“அண்ணே, பேக்கு...”

“ஏறு!”

பின்னால் நாற்காலி இழுபட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அவள் அம்மா வந்து கையைப் பிடித்த பிறகுதான் வண்டியைத் திருப்பினேன். அதற்குப் பிறகு ரதி அந்த ஆபீஸ் பக்கம் போகவில்லை.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தேவன் அவளுடைய மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ரதிக்கு முன்னால் அங்கே வேலை செய்த செல்லத்தைப் பற்றிச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் செல்லம் ஆபீசிலிருந்து, டவுனில் இரவு வேலைக்குப் போயிருந்த புருஷனுக்குப் போன் செய்திருக்கிறாள். மோட்டாரில் போக வேண்டாம் என்று ஒரு அக்கா சொல்கிறார், மழை விட்டதும் வருகிறேன் என்று சொன்னாளாம். கூட யாரோ இருக்கிறார்கள் என்று அவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். விடியற்காலையில் தேவனையும் கூட்டிக்கொண்டு தேடிப் போனார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உடைத்துத் திறந்தார்கள். செல்லம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“போன்ல மழச் சத்தம் நல்லாக் கேட்டுச்சுன்னு அவ புருஷன் இன்னிக்கும் சொல்லுவாரு,” என்றார் தேவன்.

எழுந்து நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“அன்னிக்கு ஒரு சொட்டு மழ பெய்யல தம்பி. ஒரு மாசமாவே பெய்யல.”