இருபத்து நான்கு விநாடியில் ஒரு நாள்

உள்ளங்கையைச் சுவரில் அப்பி, கண்ணை மூடி, சாமி வந்தவர் போல நிற்கிறார் சொபாரி. "முப்பத்தொண்ணு" என்கிறார். அப்புறம்தான் வெப்பமானித் துப்பாக்கியை எடுத்துச் சுவரைச் சுடுவார். முப்பத்தொன்று புள்ளி இரண்டு. காலையில் இதைச் செய்யாமல் கணினியைத் தொடமாட்டார். நாற்பது வயது, அலுவலகத்துக்கே அண்ணன், அதனால் எல்லோருக்கும் அவர் 'காங்'.

ஒரு நாள் யாரோ அந்தச் சுவருக்கு வெளிப்புறம் ஐஸ் பையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சொபாரி கையை வைத்தார். "இருபத்தாறு. ஐஸ் உருகுறதுக்குள்ள எடுத்து ஜூஸ் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார். கட்டியது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

சியாமிஸ் என்ற ஊரில் ஒரு நகல் கடைக்கு மேலே இருக்கிறது அந்த அலுவலகம். கோழிக் கொட்டகைக்குள் காற்று எப்படி ஓடும், சூடு எங்கே தேங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். சொபாரிக்கு அதில் ஒரே ஒரு வெறி: கூரைக்கு ஒற்றை வெப்பநிலையைக் கொடுக்கக் கூடாது. பக்கத்து மேஜை லிலிஸ் நாள் முழுவதற்கும் நாற்பது என்று தட்டிவிட்டால், "ஏம்மா, சூரியனை என்ன ஆணி அடிச்சா மாட்டியிருக்கு?" என்பார். மணிக்கு மணி கூரை எவ்வளவு சுடுகிறது என்று அட்டவணை போட்டுக் கணினிக்கு ஊட்ட வேண்டும். ஊட்டுவது என்றுதான் சொல்வார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல.

கோழிப் பண்ணைக்காரர் ஹாஜி மமனின் புதுக் கொட்டகைக்காகச் சொபாரி காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறுவரை ஏணியில் ஏறி இறங்கினார். பகல் ஒரு மணிக்குத் துப்பாக்கி ஐம்பத்தெட்டு என்று காட்டியது. அதற்குப் பிறகும் தகரத்தில் கையை வைத்தார். வைக்காவிட்டால் யார் அடிக்கப்போகிறார்கள்? கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

நான்கு விசிறி போதுமா, ஆறு வேண்டுமா என்பதுதான் ஹாஜியின் கேள்வி. சனிக்கிழமை பன்னிரண்டாயிரம் குஞ்சுகள் இறங்குகின்றன. குஞ்சாக இருக்கும்வரை பரவாயில்லை, வளர்ந்த கோழி வெக்கையைத் தாங்காது. ஒரே ஒரு மதியம் போதும், அத்தனையும் சாய்ந்துவிடும்.

கணக்கு ஓடி முடிந்தது. பகல் ஒரு மணிப் படத்தில் கொட்டகை முழுக்கக் குளிர்ச்சியைக் காட்டும் நீலம், நான்கு விசிறிக்கே. ஹாஜிக்கு வாயெல்லாம் பல். கொண்டுவந்த சுட்ட கோழியை மேஜையில் வைத்துவிட்டு, விசிறி வாங்கக் கையோடு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

லிலிஸ் ஒரு காலைப் பிய்த்தாள். சொபாரி சாப்பிடவில்லை. கட்டுப் போட்ட கையைத் திரையிலிருந்த நீலக் கூரைமேல் வைத்தபடி நின்றார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு இருபத்து மூணுங்குது லிலிஸ். இதே கூரைதான் என் கையைப் பொசுக்குச்சு."

லிலிஸ் எண்ணெய் விரலோடு அட்டவணையைத் திறந்தாள். நேரத்துக்கான பத்தியில் பூஜ்யத்திலிருந்து இருபத்து நான்குவரை, மணிக்கணக்கு. கணினிக்குத் தெரிந்ததோ விநாடிக்கணக்கு. விடிந்து, கொதித்து, இருட்டி, மறுபடி விடிந்து, ஒரு முழு நாளே இருபத்து நான்கு விநாடியில் முடிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் கடைசி வரியிலிருந்த அதிகாலைக் குளிரைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஓட்டிவிட்டது.

"இந்தத் தடவை ஆணி அடிச்சது நான் இல்ல காங்."

நேரத்தை மூவாயிரத்து அறுநூறால் பெருக்கினால் தீர்ந்தது, கணக்கை இன்னும் நுணுக்கமாகப் போட்டோம் என்று நாளைக்கு ஹாஜியிடம் சொல்லிக்கொள்ளலாம், தப்பு வெளியே தெரியவே வேண்டாம் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சொபாரி போனைக் காதில் வைத்திருந்தார்.

"பாக் ஹாஜி, வாங்கிட்டீங்களா? இல்லையா? வாங்காதீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்."

இந்தப் பெட்டியைவிடத் தன் வீட்டுச் சேவல் ஒழுங்காக மணி பார்க்கும் என்று ஹாஜி கத்தியது கீழே நகல் கடைவரை கேட்டது. "பார்க்கும்ங்க" என்றார் சொபாரி. மூன்று தடவை சொன்னார்.

சாயங்காலம் புதுப் படம் வந்தது. நான்கு விசிறியில் வெக்கை கோழி நிற்கும் உயரத்திலேயே தேங்கியது. ஆறு போட்டால்தான் நகர்ந்தது. ஒரு மணிக் கூரை செக்கச்செவேலென்று இருந்தது. லிலிஸ் மீதிக் கோழியை அவர் பக்கம் தள்ளினாள்.

சொபாரி கைக்கட்டை அவிழ்த்தார். கொப்புளத்தோடு உள்ளங்கையை அந்தச் சிவப்பில் வைத்தார். வைத்த வேகத்தில், சுட்டுவிட்டது போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.