சத்தம் கேட்டு மாடியேறிய வீட்டுக்காரம்மா

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு இரட்டைநாடி உடம்பு. கதவைச் சாவிக்கொத்தால்தான் தட்டுவார். அன்று மாடியறையில், புதிதாக வாங்கிய கம்பி வளைக்கும் குட்டி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செங்கோணமாக வளைத்தாலும், கைப்பிடியை விட்டதும் கம்பி சற்றே நிமிர்ந்துகொண்டது. சாவிச் சத்தம் கேட்டதும், வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

"சத்தத்துக்கு மன்னிச்சிடுங்கம்மா."

"நல்லா போடுங்க சார். முன்னாடி இருந்தவரு சத்தமே போடமாட்டாரு. ஒருநாள் என் ஃபேனைக் கழட்டிக்கிட்டு, சத்தமில்லாம போயிட்டாரு."

சொல்லிக்கொண்டே கைப்பிடியில் அவரும் சாய்ந்தார். "போதும்மா!" என்று அலறினேன். அளவுக்கு மீறி வளைந்த கம்பி, விட்டதும் சரியாகச் செங்கோணத்துக்கு வந்து நின்றது.

போகும்போது அண்ணாந்து பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் யாருக்கு நிம்மதி அதிகம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.