தனியாத்தான் வந்தேன்

மலையில் அடுக்கம் என்ற ஊருக்குக் கீழே, பெரியகுளம் இறங்கும் சாலையை ஒட்டிய காப்பித் தோட்டத்தில், வேலையாட்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையை லயம் என்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொல் அது. சிவபாக்கியம் பிறந்தது அந்த லயத்தின் கடைசி வீட்டில். வாழ்க்கைப்பட்டது அதே வரிசையில் மூன்று வீடு தள்ளி. நாற்பத்தொரு வயது வரை பழனியை விட்டால் அவள் போய்வந்த தூரத்து ஊர் மதுரை மட்டும்தான். அதுவும் புருஷனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக.

தனசேகர் மிளகு பறிக்க மரத்தில் ஏணி சார்த்தி ஏறியவன். ஏணி வழுக்கிக் கீழே விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. அது நடந்த மறுவருஷம் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்குக் காப்பியில் அக்கறை இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்குக் குடில்கள் கட்டப் போவதாகச் சொல்லி, சித்திரைக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பெரியகுளத்தில் ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடிக்க வேண்டும். தோட்டக் கூலியில் அது ஆகிற காரியமில்லை. வெளிநாடு போய்விட்டால் ஆகும் என்று சிவபாக்கியம் நம்பினாள்.

அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் வத்தலக்குண்டில் ஆள் அனுப்பும் சேனாதிபதி. குவைத்தில் வீட்டு வேலை, ரெண்டு வருஷம் என்றான். லயத்துக் குடும்பங்களை அவன் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது.

"நேரா குவைத்துன்னு போனா, உன்னைய மாதிரி பத்தாவது தாண்டாத பொம்பளைய ஏர்போர்ட்டுல ஆயிரம் கேள்வி கேப்பான். கொழும்புக்குப் போறேன்னு சொல்லு. பெரியம்மாவப் பாக்கப் போறேன்னு சொல்லு. அதுல என்ன பொய் இருக்கு? உங்க பெரியம்மா அங்கதான இருக்கு?"

"இருந்துச்சு. உசுரோட இருக்கான்னு தெரியாதுங்கண்ணே."

"இருக்குன்னே சொல்லு. செத்தவங்களப் பாக்க எவன் பிளேன் ஏறுவான்?"

கொழும்பில் இறங்கினால் அங்கே ஓர் ஆள் வந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவான். சேனாதிபதி சொன்ன திட்டம் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாவின் மகள் சுமலதாவும் கிளம்பினாள். கல்யாணமான வேகத்திலேயே தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட பெண். சிரித்துப் பேசியே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூக்கம்மா ஒரு நாள் முறத்தோடு வந்து சிவபாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீ போறேன்னுதான் அவளயும் அனுப்புறேன். அவளுக்கு வாய் மட்டுந்தான் பெருசு, வெவரம் பத்தாது. நீ எம்புள்ளயப் பாத்துக்க. உம் புருசனுக்குக் கஞ்சித்தண்ணி நான் பாத்துக்கறேன்."

"சரிங்கத்தே."

கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சிவபாக்கியம் பழனிக்குப் போய் முடி இறக்கினாள். காரியம் கைகூடிய பிறகு முடி கொடுக்கிறவர்கள்தான் அதிகம். அவள் குடும்பத்தில் முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். கடல் தாண்டிப் போனவர்களும் தாண்டித் திரும்பி வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கொடுத்த பிறகு ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன வேண்டிக்கொண்டாய் என்று யார் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால், மாற்றிச் சொன்னதே வேண்டுதலாகிவிடும், முதலில் கேட்டது போய்விடும் என்பார்கள். முடி வளரும்வரை அந்தக் கட்டுப்பாடு.

புறப்பட்ட அன்று வெள்ளனே பெரியகுளம் இறங்கி, அங்கிருந்து மதுரை பஸ் பிடித்தார்கள். விமான நிலையத்துக்கு வெளியே, கார்கள் நிற்கிற இடத்தில் சேனாதிபதி காத்திருந்தான். முக்காட்டை விலக்கிய சிவபாக்கியத்தைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"ஏம்மா, யாரக் கேட்டு மொட்ட போட்ட?"

"சாமிக்குங்கண்ணே."

"பாஸ்போர்ட்டுல சடையோட இருக்க. இப்ப அவன் என்னன்னு நெனப்பான்? கேட்டா, வீட்டுக்காரருக்கு நடக்க வரணும்னு வேண்டுதல்னு சொல்லிரு. வெளங்குச்சா?"

அவள் முக்காட்டை இழுத்து மறுபடி தலையை மூடினாள். அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். உள்ளே போனதும் இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல இருக்க வேண்டும், ஒரே ஊர் என்று தெரிந்தால் சந்தேகம் வரும் என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்து, காரில் ஏறிப் போய்விட்டான்.

"அக்கா, அங்க வெயில் மண்டையப் பொளக்குமாம்," என்றாள் சுமலதா. "நீங்க பரவால்ல. குளிச்சா துவட்டுற சோலியே இல்ல."

"வாய மூடிக்கிட்டு வா. இனிமே நீ யாரோ, நான் யாரோ."

"அப்ப யாரோட மூஞ்சியப் பாத்துத்தான் நடக்கறது?"

வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். சிவபாக்கியத்தின் தலையையும் பார்த்தார். பிறகு உள்ளே போகச் சொன்னார். உள்ளே எல்லாரும் ஏதோ ஒரு திசையைத் தெரிந்து வைத்துக்கொண்டு நடந்தார்கள். கொழும்பு என்று எழுதியிருந்த மேசை எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே பலகையில் எழுத்தெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் மாறிவிட்டது. பெட்டி வைத்திருந்த ஓர் அம்மாவின் பின்னாலேயே போய் நின்றாள். அது வேறு ஊருக்குப் போகிற வரிசை. திருப்பி அனுப்பினார்கள். சரியான வரிசையைக் கண்டுபிடித்தபோது சுமலதா அவளுக்கு முன்பே அங்கே நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பையை எடை போட்டு வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ஏறுகிற சீட்டு அதுதான், தொலைத்துவிடாதீர்கள் என்றாள் மேசைப் பெண். சிவபாக்கியம் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். அடுத்த இடத்தில் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள். மறுபடி மடித்து வைத்தாள். மறுபடி கேட்டார்கள். மூன்றாவது தடவை கையிலேயே பிடித்துக்கொண்டாள். வியர்வையில் சீட்டு நைந்தது.

கடைசியாகக் கண்ணாடிக் கூண்டுகள். நாட்டை விட்டு வெளியே போகிறவர்களுக்கு முத்திரை குத்துகிற இடம். பழனியில் தரிசன வரிசைக்குக் கம்பி கட்டியிருப்பதைப் போல இங்கே நாடா கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். சிவபாக்கியத்துக்கு இரண்டு பேர் பின்னால் சுமலதா நின்றாள்.

கூண்டுக்குள் இருந்தவர் இளவயசுக்காரர். தமிழில்தான் கேட்டார்.

"எங்க போறீங்க?"

"கொழும்புங்க."

"அங்க யாரு இருக்கா?"

"பெரியம்மாங்க. அட்டன் பக்கத்துல எஸ்டேட்டு."

"பேரு?"

"காத்தாயி."

"எப்பத் திரும்புவீங்க?"

"பதினஞ்சு நாளுங்க."

ஒவ்வொன்றும் தட்டாமல் வந்தது. அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முக்காட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தாள்.

"பழனியா?"

"ஆமாங்க."

அவர் முகம் இளகியது. "நாங்களும் போன மாசந்தான் போயிட்டு வந்தோம். பையனுக்கு மொத மொட்ட." முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பேசுவது போலக் கேட்டார். "என்ன வேண்டுதல்?"

அவர் எதையும் துருவவில்லை. அவளுக்கே அது தெரிந்தது. சேனாதிபதி சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தனசேகருக்குக் கால் வருமோ வராதோ, கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு இருக்கிற ஒரே காவல் போய்விடும். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. பாஷை தெரியாது. அந்த வேண்டுதல் ஒன்றுதான் துணை. அதை இங்கேயே விட்டுவிட்டு ஏற அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"போற வீட்டுல என்னைய மனுசியா நடத்தணும். ரெண்டு வருசம் வேலை பாத்துட்டு உசுரோட திரும்பணும்னுங்க."

முத்திரை மேசைமேல் இறங்கியது. தாளில் படவில்லை.

"பெரியம்மா வீட்லயா?" என்றார் அவர், மெதுவாக.

ஓரத்தில் இருந்த அறைக்கு அழைத்துப்போனார்கள். ஒரு பெண் அதிகாரி உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மிரட்டவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். சிவபாக்கியம் சொல்லிவிட்டாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் போய்விட்டது. அறையின் கதவில் பாதிக்குமேல் கண்ணாடி. அதன் வழியே கூண்டு தெரிந்தது. சுமலதா அடுத்த கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லைங்க."

"பயப்படாதீங்க. இருந்தா சொல்லுங்க. அவங்களுக்கும் நல்லதுதான்."

"தனியாத்தான் வந்தேன்."

சொல்லும்போதே அந்தக் கூண்டில் முத்திரை பிடித்த கை உயர்ந்து இறங்கியது. சுமலதா பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டடி இடப்பக்கம் போய், யாரோ கையைக் காட்ட, வலப்பக்கம் திரும்பிப் போனாள்.

தனியாக வந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "உங்களக் காப்பாத்தியிருக்கோம்மா. அது உங்களுக்கு இப்பத் தெரியாது," என்றாள் அந்த அதிகாரி. சிவபாக்கியம் சரிங்க என்றாள். எடை போட்டு வாங்கின பையைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும் தனசேகர், "வந்துட்டியா?" என்றான். அவ்வளவுதான். அவன் குரலில் நிம்மதி இருந்ததை அவள் மன்னிக்க நாளாயிற்று. மூக்கம்மா, "எம்புள்ள ஏறிட்டாளா?" என்று கேட்டாள். ஏறிட்டா என்றாள். அறையில் கேட்ட கேள்வியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது அது தோன்றவில்லை.

குவைத்திலிருந்து சுமலதா இரண்டு முறை போனில் பேசினாள். முதல் முறை, வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது, கக்கூஸைக்கூடத் துடைத்துப் பளபளவென்று வைக்கச் சொல்கிறார்கள் என்று சிரித்தாள். இரண்டாம் முறை சிவபாக்கியத்தின் போனுக்கு வந்தது.

"அக்கா, என் ரூமுக்குத் தாப்பாளே இல்லக்கா. அம்மாட்டச் சொல்லாதீங்க. வெரசா அந்த ஆளுகிட்டப் பேசி..."

அதோடு நின்றது. அப்புறம் அந்த எண்ணுக்குப் போட்டால் மணியே அடிக்கவில்லை. சேனாதிபதியின் எண்ணும் அப்படியே. வத்தலக்குண்டில் அவன் இருந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

மாசம் மூன்று கழிந்தும் சேதி வராததால் சிவபாக்கியமும் மூக்கம்மாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகாரை வாங்கிக்கொண்ட ஏட்டு, பத்து நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். மூக்கம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மதுரையில விசாரிச்சாச்சு. நீங்க அன்னைக்குத் தனியா வந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப ரெண்டு பேரு சேந்து போனோம்ங்கறீங்க. எதும்மா நெசம்?"

"ரெண்டு பேருதாங்க."

"அப்ப அங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவளாச்சும் போகட்டும்னுதாங்க."

"உங்க கையெழுத்தயே காட்டி, நீங்க சொல்றது நம்புறாப்புல இல்லன்னு நாளைக்கு எதிராளி சொல்லுவானே," என்றார் ஏட்டு. கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிய பிறகுதான் மூக்கம்மா பேசினாள்.

"கேட்டாங்களா ஒன்னைய? கூட யாரும் இருக்காங்களான்னு?"

"கேட்டாங்கத்தே."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவளயும் எறக்கியிருப்பாங்க."

"ஆமாங்கத்தே."

"இல்ல, அந்த மொட்டத்தலையப் பத்திக் கேட்டப்ப ஒரு பொய்யச் சொல்லித் தொலச்சிருந்தாலும், அவளுக்குத் துணைக்காச்சும் நீ இருந்திருப்ப. ரெண்டுல ஒண்ணாவது செஞ்சிருக்கலாமே பாக்கியம்."

சிவபாக்கியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்திரையில் லயத்தின் தகரங்களைப் பிரித்தார்கள். தனசேகரைக் கட்டிலோடு தூக்கி அடுக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார்கள். மூக்கம்மா மட்டும் கிளம்ப மறுத்துவிட்டாள். சுமலதாவுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான் என்றாள். அவள் வீட்டை மட்டும் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

சேனாதிபதி பேரில் வழக்கு நடக்கிறது. சிவபாக்கியத்தைத் திண்டுக்கல்லுக்குக் கூப்பிடுகிறார்கள், மதுரைக்குக் கூப்பிடுகிறார்கள். கூலியை விட்டுவிட்டுப் போகிறாள். எங்கே போனாலும் அந்தக் கையெழுத்தைக் காட்டி, தனியாகத்தானே வந்தீர்கள் என்றுதான் தொடங்குகிறார்கள். இல்லைங்க, ரெண்டு பேரு என்று அவள் மறுபடி முதலிலிருந்து சொல்கிறாள். மூக்கம்மாவும் ஒவ்வொரு தடவையும் உடன் வருகிறாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்காருகிறாள்.